திறந்த கார், பூட்டிய அட்டை

அந்தக் காரில் பூட்டி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அதுதான் காணாமல் போயிருந்தது.

பூட்டாத சாமான்கள் எல்லாம் அதனதன் இடத்தில் சமர்த்தாக இருந்தன. பின்சீட்டில் ஒரு நல்ல குடை, ஒரு துணி மூட்டை. கியருக்குப் பக்கத்துக் குழியில் விலை கூடிய கறுப்புக் கண்ணாடி. முன்சீட்டில் துணி அளக்கிற டேப்பும் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டும். காருக்குக் கூரை கிடையாது. தெருவில் போகிற எவரும் நடையின் வேகத்தைக்கூடக் குறைக்காமல் கையை நீட்டி, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம்.

"இந்தக் காருக்குக் கதவே ஒரு மரியாதைக்குத்தான் அண்ணி," என்றான் கொழுந்தன்.

அண்ணி முன் கண்ணாடிக்குக் கீழே குனிந்து, டேஷ்போர்டை மோந்து பார்ப்பவள்போல முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தாள்.

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவன் இவன் ஒருவன்தான். ஆனால் இவன் கூப்பிடுகிற சத்தத்தில், அவர்கள் தெருவில் தபால்காரர் உட்பட எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். இருவரும் நடத்துகிற துப்பறியும் நிலையம் அவள் கணவர் தொடங்கியது. அவர் போய் நாலு வருஷமாகிறது. பலகையில் அவர் பெயரை இன்னும் மாற்றவில்லை. வருகிறவர்கள் நேராகக் கொழுந்தனுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டுவார்கள். அவனும் கன்னத்தில் கை வைத்து, கடைசிவரை கேட்டுவிட்டு, "பாவமா இருக்குங்க. அப்படியே இதை அண்ணிகிட்டயும் ஒரு தடவை சொல்லிடுங்க," என்பான். இரண்டாம் முறை சொல்லும்போது எது மாறுகிறது என்று அண்ணி பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கவனிப்பாள். நிலையத்தின் தொழில் முறை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

முந்தின நாள் வந்த தையல்காரியும் இரண்டு முறை சொன்னாள்.

அவள் கணவர் மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றியவர். மூன்று வருஷங்களுக்கு முன்னால் இந்தக் காரில் போகும்போது ஒரு லாரி உரசியது. காரின் மடக்குக் கூரை நொறுங்கியது, அவருடைய இடுப்பும் நொறுங்கியது. இடுப்பைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். கூரையை அப்படியே விட்டுவிட்டார்கள். காரணம், மடங்காத இடுப்போடு அவர் ஏற முடிந்த ஒரே கார் இதுதான். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, முன் கண்ணாடியின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பலகையை இறக்குவதுபோலத் தன்னைத் தானே இறக்கிக்கொள்வாராம். கூரை உள்ள காரென்றால் தலை இடிக்கும். அவர் பக்கத்தில் உட்கார, இவள்தான் ஓட்டுவாள். நீரில் நின்றபடி உடற்பயிற்சி செய்விக்கிற கூடத்துக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் அழைத்துப் போகிறாள். கூடத்து வாசலை ஒட்டி, நடக்க இயலாதவர்களுக்கென்று ஒரே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே காரை நிறுத்தச் சலுகை அட்டை வேண்டும். அட்டை முன் கண்ணாடி வழியாகப் பளிச்சென்று தெரியவும் வேண்டும். போலீஸ்காரருக்குத் தெரிய வேண்டும் என்று வைப்பது திருடனுக்கும் தெரிகிறது. அதுதான் தொல்லை.

முதல் அட்டையைச் சும்மா வைத்திருந்தாள், போயிற்று. இரண்டாவதைப் பசை போட்டு ஒட்டினாள், அதுவும் போயிற்று. அட்டை கொடுக்கிற அலுவலகத்தில் முகத்தைச் சுளித்தார்கள். அதனால் மூன்றாவதுக்குக் கண்ணாடி பதித்த ஓர் இரும்புச் சட்டம் வாங்கினாள். அட்டையை உள்ளே வைத்துப் பூட்டி, சட்டத்தைச் சங்கிலியால் ஸ்டியரிங்கோடு பிணைத்துவிடலாம். கையை வெட்டினால்தான் எடுக்க முடியும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம்.

போன வாரம் ஒரு காலையில் பார்த்தால் சங்கிலி இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பூட்டும் பூட்டியபடியே இருக்கிறது. உள்ளே அட்டை இல்லை.

"யார் கையும் வெட்டுப்படலையா?" என்று கொழுந்தன் விசாரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது முறை தொலைந்தால் அலுவலகத்து டாக்டரே வீட்டுக்கு வந்து நோயாளியைப் புதிதாகப் பரிசோதிப்பார். அதற்குப் பிறகுதான் அட்டை தருவதா வேண்டாமா என்று முடிவாகும். இந்த வாரக் கடைசிக்குள் அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு முன்னால் அட்டை கிடைக்க வேண்டும். டாக்டர் வந்தால்தான் என்ன, கணவரால் நடக்க முடியாதுதானே என்று கொழுந்தன் கேட்டதற்கு, அதனால்தான் எதற்கு வீணாக ஒரு டாக்டர் என்றாள். அப்படிச் சொல்லும்போது கையில் இருந்த டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே போனாள். விரல் நுனி வெளுத்துவிட்டது.

எழுந்து போகும்போது, வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"வெளியாள் யாரோதான் எடுத்திருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். எனக்கு அது போதும்."

முதல் தடவை, கொழுந்தனிடம் சொன்னபோது, இந்த வரி இல்லை.

இன்று அட்டை இல்லாததால் காரைத் தெருக்கோடியில் நிறுத்தியிருந்தாள். கூடத்துப் பணியாள் ஒருவர் சக்கர நாற்காலியோடு அங்கே வந்து, அவள் கணவரை இறக்கி, குண்டும் குழியுமான நடைபாதையில் ஆட்டி ஆட்டித் தள்ளிக்கொண்டு போனார். அவருடைய கைத்தடி மடியில் குறுக்கே கிடந்தது. பயிற்சி முடிய நேரமாகும். தையல்காரி காரின் பக்கத்தில், பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு வெளியே காத்திருக்கிற தாயைப்போல நின்றாள். கொழுந்தன் தங்கள் காரைக் கூடத்து வாசலிலேயே, நல்ல நிழலில் நிறுத்திவிட்டு வந்திருந்தான். அதில் அவனுக்கு ஒரு பெருமிதம்.

"தம்பி, இங்க வந்து பாருங்க," என்றாள் அண்ணி.

டேஷ்போர்டு ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்கும். கூரை இல்லாத காரில் வெயில் தின்று தின்று சாம்பல் பூத்துக் கிடந்தது. அந்தச் சாம்பலில் இரண்டு கறுப்புச் செவ்வகங்கள் இருந்தன. இடது மூலையில் ஒன்று, கொஞ்சம் மங்கல். வலது மூலையில் இன்னொன்று, நேற்று மை பூசியதுபோல. நடுவில் இரும்புச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தாள். அதன் கீழே கறுப்பு இல்லை. சுற்றிலும் இருந்த அதே சாம்பல்தான்.

"முதல் அட்டை இடது பக்கம் இருந்ததா?" என்று தையல்காரியிடம் கேட்டாள்.

ஆமாம் என்றாள். இரண்டாவது வலது பக்கம். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

"அட்டைக்குக் காலக்கெடு உண்டா?"

ஒரு வருஷம். முடிந்தால் டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு புதுப்பிக்க வேண்டும். நடுவில் தொலைந்தால்? முதல் இரண்டு தடவை தொலைந்ததாக எழுதிக் கொடுத்தால் போதும், பரிசோதனை இல்லாமலே இன்னொரு முழு வருஷத்துக்குப் புதிய அட்டை கொடுத்துவிடுவார்கள். அந்த அலுவலகத்தின் வழக்கம் அப்படி. தையல்காரி தரையைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னாள்.

கொழுந்தன் செவ்வகங்களை மாறி மாறிப் பார்த்தான். வேடிக்கை பேசுகிறவனே தவிர மூளை இல்லாதவன் இல்லை.

"நிழல் விழுந்த இடம் கறுப்பாவே நிக்குது. அப்ப ரெண்டு அட்டையும் வெயில் முச்சூடும் இங்கயே குந்தியிருந்திருக்கு. ரெண்டும் சாகப்போற வயசுலதான் போயிருக்கு அண்ணி. மூணாவது மட்டும் தொட்டில்லயே போயிடுச்சு."

"வருஷம் முழுக்கப் பொறுமையா காத்திருக்கிற திருடன் ஒருத்தன். காத்திருக்காதவன் ஒருத்தன்," என்றாள் அண்ணி. "ரெண்டு பேர் தம்பி."

தையல்காரி துணி மூட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். தைப்பதற்கு வாங்கி வந்த துணிகள். அதற்கு ஏன் இப்போது இவ்வளவு அணைப்பு என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். பிறகு, பூட்டின் மாற்றுச் சாவி எங்கே என்று கேட்டாள். ஒன்று தன் கழுத்துச் சங்கிலியிலேயே இருக்கிறது, குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்றாள். மற்றது வீட்டில், மாடியில், தையல் அறையில் பொத்தான் போட்டு வைக்கிற தகர டப்பாவின் அடியில். அது இருப்பது யாருக்கும் தெரியாது. விபத்துக்குப் பிறகு கணவர் கீழ்த்தளத்தோடு சரி. படி ஏறினால் இடுப்புக் கம்பி விலகிவிடும் என்று ஆரம்பத்தில் டாக்டர் சொல்லியிருந்தார்.

"அந்த டப்பாவைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

"வெறும் பொத்தான்தான் மேடம்."

"எனக்குப் பொத்தான்னா ரொம்பப் பிடிக்கும்க்கா," என்றான் கொழுந்தன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

வீடு பக்கத்துத் தெருவில்தான், கொழுந்தனின் காரிலேயே போனார்கள். குறுகலான வீடு. கீழே ஓர் அறையில் அவர் கட்டில், ஜன்னலோரம் நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், மருந்து, பத்திரிகை, மணி. ஒவ்வொன்றும் அவர் எழுந்திருக்கத் தேவையே வராதபடி வைக்கப்பட்டிருந்தது. அண்ணி அந்த அறையின் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏன் என்று உடனே பிடிபடவில்லை. நான்கு வருஷங்களுக்கு முன்னால் அவளும் தன் கணவருக்கு இப்படி ஓர் அறையை அடுக்கியிருந்தாள். அடுத்த வீட்டுக் கணவன்மார்களைப் பின்தொடர்ந்தே ஆயுளைக் கழித்த மனிதர், படுக்கையில் விழுந்த பிறகுதான் வேளைக்கு வீட்டில் சாப்பிட்டார். அந்தக் கடைசி மாதங்களில் அவர் எங்கே இருப்பார் என்று அவளுக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

தையல்காரி மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியேறினாள். பழக்கப்பட்ட நடை, எதையும் பிடிக்காத நடை. பின்னால் போன அண்ணி மரக் கைப்பிடியின் மேல் விரலை ஓட்டினாள். விரல் சுத்தமாக வந்தது. கைப்பிடியைத் தாங்குகிற கட்டைகளில் ஒன்றைத் தொட்டாள். விரலில் தூசி அப்பிக்கொண்டது. கட்டைக்குக் கட்டை தூசி. அவற்றின் மேலே ஓடுகிற கைப்பிடி மட்டும் கீழிருந்து மேல்வரை பளபளவென்று இருந்தது.

இரண்டு படிகளுக்கு ஒரு முறை நின்று அதையே பார்த்துக்கொண்டு ஏறினாள். மூட்டு வலியா அண்ணி என்று கொழுந்தன் கேட்டான்.

தையல் அறையில் இயந்திரம், வெட்டுகிற மேஜை, ஒரு சாய்வு நாற்காலி. தகர டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. தையல்காரி அதை எடுத்து, மார்பில் அணைத்தபடியே கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமலேயே சாவியை எடுத்து நீட்டினாள். எடுத்த இடத்துக்கே சாவி திரும்பி வந்திருக்கிறது. மரியாதை தெரிந்த திருடன்.

"டப்பாவையும் குடுங்க," என்றாள் அண்ணி.

தையல்காரி கொடுக்கவில்லை. கொழுந்தன் உதவி செய்பவனாக முன்னால் வந்தான். அவன் வாங்கப் போனதில் அவள் கை நழுவியதா, அவன் முழங்கை தட்டியதா என்பது கடைசிவரை முடிவாகவில்லை. டப்பா கவிழ்ந்தது. பொத்தான்கள் அறை முழுக்கத் தெறித்து, சில வாசலைத் தாண்டி, படிப்படியாக டக் டக்கென்று குதித்து இறங்கிப் போயின. எல்லாம் அடங்கிய பிறகு தரையில் இரண்டு அட்டைகள் கிடந்தன. இரண்டிலும் ஒரே மனிதர், ஒரே புகைப்படத்தில், ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"கிடைச்சுடுச்சு அண்ணி," என்றான் கொழுந்தன். "ஆனா நாம தேடி வந்தது இது இல்ல."

தையல்காரி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தைத்த தையலைப் பிரிக்கிறவள்போல, நுனியைத் தேடிப் பிடித்து, மெல்லச் சொன்னாள்.

"விபத்து நடந்தப்ப அவர் பக்கத்து சீட்ல இருந்தது நான் இல்ல மேடம்."

அந்தப் பெண்ணுக்குச் சின்னக் காயம்கூட இல்லை. போலீஸ் விசாரணையில்தான் இவளுக்கு அப்படி ஒருத்தி இருப்பதே தெரிந்தது. கேட்கலாம் என்று நினைத்தபோது அவர் மயக்கத்தில் இருந்தார். கண் விழித்தபோது வலியில் இருந்தார். வலி குறைந்தபோது கேட்கிற நேரம் கடந்துவிட்டிருந்தது. முதல் வருஷ முடிவில், அட்டை காலாவதியாகிற வாரத்தில், பயிற்சிக் கூடத்தில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்ததை இவள் பார்த்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். இவளும் தட்டினாள். பரிசோதனைக்குப் போனால், நன்றாகிக்கொண்டு வருகிறார் என்று டாக்டர் எழுதுவார். அன்றைக்கு இரவே அட்டையை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"நடந்தா போயிடுவார். அவர் கார்ல அவர் பக்கத்துல நான் உட்கார்ந்ததே இல்ல. இப்பதான் ஓட்டறதுக்காவது உட்காரறேன்."

தையல்காரியைக் கண்டிக்கிற வார்த்தை ஒன்று அண்ணியின் நாக்குவரை வந்தது. கீழே பார்த்த அறை ஞாபகத்துக்கு வந்ததும் அது திரும்பிப் போய்விட்டது.

"ரெண்டு தடவை நீங்களே எடுத்துட்டு, மூணாவதைக் கண்டுபிடிக்க எங்ககிட்ட வந்தீங்களாக்கா?" என்றான் கொழுந்தன். "பாதி வேலையை முடிச்சுக் கையில வச்சுக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

"மூணாவதை நான் எடுக்கல. சத்தியமா எடுக்கல. அதனாலதான் தூக்கமே வரல."

"தெரியும்," என்றாள் அண்ணி. "படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிப்பீங்களா?"

"கை எங்க மேடம் காலியா இருக்கு?"

"கட்டையெல்லாம் தூசி. கைப்பிடி மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கு. யார் துடைக்கறாங்க?"

தையல்காரி கதவு வழியாகப் படிகளைப் பார்த்தாள். துணி கொடுக்க, அளவு எடுக்க என்று தான் வெளியே போகிற பொழுதுகளை எல்லாம் அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. இடுப்புக் கம்பி வைத்த ஒரு மனிதர், இரண்டு கையாலும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, உடம்பை இழுத்து இழுத்து, ஒவ்வொரு படியாக. ஒரு நாள் இரண்டு நாள் ஏறினால் மரம் இப்படிப் பளபளக்காது.

"வெளியாள்னு சொல்லுங்களேன்," என்றாள்.

கொழுந்தன் மண்டியிட்டுப் பொத்தான்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

அதே காரில் திரும்பி வந்தார்கள். கூடத்து வாசலில் அவர்கள் முதலில் நிறுத்தியிருந்த இடம் இன்னும் காலியாகவே இருந்தது. நமக்கென்றே எடுத்து வைத்த மாதிரி இருக்கிறது என்று கொழுந்தன் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்தினான். தையல்காரி இறங்கி, யாரையும் பார்க்காமல் தெருக்கோடியில் நின்ற தன் காரை நோக்கி நடந்தாள்.

அவள் கணவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலை இன்னும் ஈரமாக இருந்தது. சக்கர நாற்காலியைக் காணோம். அண்ணி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நீங்களும் பயிற்சிக்கு வருகிறீர்களா என்று அவர் கேட்டார். இல்லை, ஒரு திருட்டு விஷயமாக வந்தேன் என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, பஸ்ஸில் டிக்கெட் காட்டுகிறவர்போல நீட்டினார்.

"மூணாவது தடவை தொலைஞ்சா வீட்டுக்கே டாக்டர் வருவார்னு அவதான் சொன்னா. எடுத்து வச்சுட்டுக் காத்திருக்கேன். ஒருத்தரும் வரல. இப்ப நீங்க வந்திருக்கீங்க."

"டாக்டர் எதுக்கு? படி ஏறுறேன்னு நீங்களே சொல்லியிருக்கலாமே?"

அவர் கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"முடியாத ஆளைத்தான் அவ வச்சுப் பார்த்துக்கறா. முடியற ஆளை எதுக்கு வச்சுக்கணும்? நான் பண்ணினதுக்கு? நானா போய், நடக்கறேன்னு சொன்னா, சரி, அப்ப நடங்கன்னு சொல்லிட்டா? டாக்டர் சொல்லட்டும், அப்ப அவ முகத்தைப் பார்த்தா தெரிஞ்சுடும்னு நினைச்சேன்."

மாடியில் களைப்பாற உட்கார்ந்தபோது டப்பாவைத் துழாவியதாகவும், சாவியோடு பழைய அட்டைகள் இரண்டையும் பார்த்ததாகவும் சொன்னார். தான் கஷ்டப்படட்டும் என்ற கோபத்தில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டாராம். அதிலிருந்து பயம் இன்னும் அதிகமாகிவிட்டதாம். அந்தப் பக்கத்து சீட்டுப் பெண்ணைப் பற்றி அண்ணி கேட்கவில்லை. அவராகவே, அவள் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து பழம் வைத்துவிட்டுப் போனதோடு சரி என்றார்.

அண்ணி அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எதுக்கு ஒளிச்சாங்கன்னு அவங்களையே கேளுங்க. யார் எடுத்தாங்கன்னு சொல்றதோட என் வேலை முடிஞ்சுது. உங்க கார் தெருக்கோடியில நிக்குது."

அவர் எழுந்தார். கைத்தடியை ஊன்றி, நடைபாதையின் குழிகளை விலக்கி விலக்கி நடந்தார். வேகம் இல்லை, ஆனால் நடைதான். அண்ணியும் கொழுந்தனும் கொஞ்சம் பின்னால் போனார்கள். தெருக்கோடியில் தையல்காரி காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் வருவதை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை பார்த்தாள். இந்தத் தடவை கைதட்ட வேண்டும் என்று தோன்றவில்லையோ, கை வரவில்லையோ.

அவர் அவளிடம் வந்து நின்றார். வழக்கமாக ஏறுகிற பக்கத்துக்குப் போகாமல் ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"சாவி," என்றார்.

தையல்காரி சாவியைக் கொடுத்தாள். மூன்று வருஷமாக இந்த ஒரு நிமிஷத்தைத் தள்ளிப் போடுவதற்குத்தான் அவள் அத்தனையும் செய்திருந்தாள். அது வந்ததும், கையை நீட்டிக் கொடுத்துவிட்டாள். அவர் முன் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து, முதுகைக் காட்டி, மெல்ல இறங்கி உட்கார்ந்தார். கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். முகத்தில் வலி தெரிந்தது. காரைக் கிளப்பினார். அவள் சுற்றி வந்து நடைபாதையில், மற்ற பக்கத்துக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக் காரை வழியனுப்ப வந்தவள்போல.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் திறந்து விடணும்னா, அவ்வளவு தூரம் சாய எனக்கு இன்னும் வரல. நீயேதான் திறந்துக்கணும்."

அவள் உடனே அசையவில்லை. பிறகு கதவைத் திறந்து, சீட்டில் கிடந்த டேப்பையும் பிஸ்கட் பாக்கெட்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் அட்டையை டேஷ்போர்டின் மேல் வைத்தார். அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வரலாம் என்று சொன்னது காற்றில் பாதியாகக் காதில் விழுந்தது. கார் நகர்ந்ததும் அட்டை படபடத்தது. இரும்புச் சட்டம் பக்கத்திலேயே பூட்டியபடி காலியாகக் கிடந்தது. அதை அவள் தொடவில்லை. கையை நீட்டி, உள்ளங்கையால் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தெருமுனையில் கார் திரும்புகிறவரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

"கேஸ் முடிஞ்சுதா அண்ணி?"

"அட்டை கிடைச்சுதே."

"எடுத்தது வெளியாளா, வீட்டாளா? அந்தக்கா கேட்டாங்களே."

அண்ணி யோசித்துக்கொண்டே நடந்தாள். அந்த வீட்டில் இரண்டு பேர் மூன்று வருஷம் ஒருவருக்கொருவர் வெளியாளாகவே இருந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அதை இவனிடம் சொன்னால் ஒரு வாரத்துக்கு அதை வைத்தே பேசுவான். சொல்லவில்லை. தன் கணவர் படுத்திருந்த அறையில், அவர் கேட்காமல் விட்டது என்னென்ன, தான் சொல்லாமல் விட்டது என்னென்ன என்று இனிமேல் துப்புத் துலக்க வழியில்லை. அந்தக் கேஸில் ஒரு சாட்சிதான் மிச்சம். அதுவும் அவளே.

கூடத்து வாசலில் அவர்கள் கார் நிழலில் நின்றிருந்தது. சக்கரத்துக்கடியில், தரையில் பூசிய நீல வண்ணமும் வெள்ளையில் வரைந்த சக்கர நாற்காலியும் பாதி தெரிந்தன. முன் கண்ணாடியில் துடைப்பானுக்கு அடியில் ஒரு மஞ்சள் காகிதம் செருகியிருந்தது. கொழுந்தன் குனிந்து தரையைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான், மறுபடி தரையைப் பார்த்தான். அந்த இடம் அவ்வளவு நேரம் யாருக்காகக் காலியாக இருந்தது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நம்ம கண்ணாடியிலயும் ஒண்ணு வச்சுட்டாங்க அண்ணி. அபராதம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "பூட்டில்ல, சங்கிலியில்ல. அப்பவும் ஒருத்தரும் எடுக்கல பாருங்க."

அண்ணி காகிதத்தை உருவி, நாலாக மடித்து, அவன் சட்டைப் பைக்குள் வைத்து, பையின் பொத்தானையும் போட்டுவிட்டாள்.

"பத்திரம்," என்றாள்.